கல் நடக்கும் சத்தம்

தோட்டத்துக் குடும்பங்களுக்கு மரம் என்றால் வரிசை. பால்மரமோ செம்பனையோ, நிரை பிடித்துத்தான் நிற்கும். எங்கே நின்று பார்த்தாலும் கண் நேர்க்கோட்டில் ஓடி மறுகோடி வெளிச்சத்தைத் தொட்டுவிடும். என் பாட்டி பகாங்கில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். அவர் சொன்ன கதைகளில் உலகம் கடைசி நிரையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருந்தது காடு. விடியாத இருட்டில் தலைவிளக்கோடு கடைசி நிரைக்குப் போகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்களாம். புலிக்கு நாம் வருவது தெரியட்டும் என்று.

அந்தக் 'கடைசி நிரைக்கு அப்பால்' என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. விடுமுறைக்குக் கேமரன் மலை, லங்காவி, கொஞ்சம் வசதி வந்தால் பாலி என்று போகிற நம்மில் பலர், நாட்டின் நடுவிலேயே இருக்கும் தாமான் நெகாராவைப் பள்ளிப் பாடப்புத்தகத்தோடு விட்டுவிடுகிறோம். நானும் ஒரு வார இறுதியில் தனியாகக் கிளம்பும்வரை அப்படித்தான் இருந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து ஜெராந்துட், அங்கிருந்து கோல தஹான். ஜெராந்துட்டிலிருந்து சாலை வழியாகப் போய்விடலாம். ஆனால் நேரம் இருந்தால் கோல தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து படகில் போங்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இரண்டரை மூன்று மணி நேரம் ஒடுங்கிய மரப்படகில் கால் நீட்டி உட்கார்ந்து, காபி நிறத் தெம்பெலிங் ஆற்றில் எதிர்நீச்சல். முதல் ஒரு மணி நேரம் கரையில் எருமை, செம்பனை, கம்பத்து வீடுகள். பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு வளைவில் செம்பனையும் நின்றுவிடுகிறது. பாட்டியின் உலகம் முடிகிற இடம் அது.

கோல தஹானில் இரண்டு ஆறுகள் சேர்கின்றன. தெம்பெலிங் கலங்கல். தஹான், சர்க்கரை போடாத தே ஓ மாதிரி தெளிந்த பழுப்பு. சேருமிடத்தில் கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டாமலே ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு கரையில் கிராமம், தங்கும் விடுதிகள், ஆற்றிலேயே மிதக்கும் உணவகங்கள். மறுகரையில் பூங்கா. நடுவே சம்பான்.

இந்தப் பூங்கா பிறந்த கதையிலும் தோட்ட வாசனை உண்டு. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் தோட்டத் துரையாகவும் பெரிய வேட்டைக்காரராகவும் இருந்தவர். யானை, காட்டெருமை வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பின்னாளில் மனம் மாறி, சுட்டுக்கொண்டிருந்த விலங்குகளுக்காகவே அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். 1925இல் குனோங் தஹான் வட்டாரம் வனவிலங்குக் காப்பிடமானது. 1938-39இல் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களின் நிலத்தையும் சேர்த்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவானது. சுதந்திரத்திற்குப் பிறகு அது தாமான் நெகாரா. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல ஐந்தாறு தீவுகளை உள்ளே வைத்துவிடலாம். இந்த ஹப்பேக்கின் சகோதரர்தான் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தையும் மஸ்ஜிட் ஜாமெக்கையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக். ஒருவர் கட்டிவிட்டுப் போனார், மற்றவர் கட்டவிடாமல் காத்துவிட்டுப் போனார். எனக்கு இரண்டாமவர் மேல் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

முந்தின மாலையே பூங்கா முகப்பில் பதிவு செய்துகொண்டேன். கட்டணம் சில வெள்ளிதான். முகப்பிலிருந்த அதிகாரி என் பெயருக்குக் கீழே வேறு பெயர் வருமென்று பேனாவைத் தூக்கிக்கொண்டே காத்திருந்தார். "சோராங் சாஜா?" ஆமாம், ஒரே ஆள்தான். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் போனபோது, முகாமைச் சுற்றியுள்ள குறும்பாதைகளுக்கு வழிகாட்டி கட்டாயமில்லை. குனோங் தஹான் ஏறுவதென்றால் கட்டாயம்.

அதே கேள்வி வீட்டிலும் வந்திருந்தது. "யார் கூடம்மா போற?" என்றார் அம்மா. யாருமில்லை என்றதும் பத்து நொடி பேச்சில்லை. வானொலியில் மூன்று நொடி மௌனமே எங்களுக்குப் பதற்றம். பத்து நொடி என்றால் விசாரணைக் கடிதம் வரும். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாலை 6 மணிக்குள் நான் அழைக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா முதலில் விடுதியை அழைப்பார், பிறகு ஈப்போவிலிருக்கும் அண்ணனை. அண்ணன் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள்.

காலை 7 மணிக்குச் சம்பானில் ஆற்றைக் கடந்தேன். பையில் இரண்டு போத்தல் தண்ணீர், நாசி லெமாக் இரண்டு பொட்டலம், மழைச்சட்டை, டார்ச், விசில், அட்டைக்கடிக்காக முழங்கால்வரை துணிக்காலுறை. முதலில் புக்கிட் தெரெசெக். உயரம் 350 மீட்டர்கூட இல்லை. பெரும்பகுதிக்குப் பலகைப் படிகள் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, பாதி தூரத்திலேயே சட்டை தொப்பலாக நனைந்துவிடுகிறது.

மழைக்காடு அமைதியான இடம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஏறும்போதே உங்காக் குரங்குகள் தொடங்கிவிட்டன. பெண் உங்கா கீழ்ச்சுருதியில் ஆரம்பித்து, விட்டு விட்டு ஏற்றி, உச்சியில் உடைத்து இறக்கும். பள்ளத்தாக்கின் மறுபுறமிருந்து இன்னொரு குடும்பம் பதில் கொடுத்தது. கோவில் திருவிழாவில் இரண்டு நாதசுர கோஷ்டிகள் போட்டி போடுவது போல. ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. இது இந்தக் காட்டின் குணம். ஆயிரம் உயிர்கள் சுற்றி இருக்கும், கண்ணுக்கு ஐந்து தெரியும். மிச்சத்தைக் காதால்தான் பார்க்க வேண்டும்.

உச்சிக்கு அருகில் இன்னொரு குரல். "ஹூ… ஹூ…" என்று இடைவெளி விட்டுத் தொடங்கி, வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் கடகடவென்று கிறுக்குச் சிரிப்பாக வெடித்தது. தலைக்கவச இருவாட்சி. மலாய்க்காரர்கள் இதற்கு 'தெபாங் மெந்துவா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாமியார் வீட்டை வெட்டிச் சாய்த்தவன் என்று பொருள். மாமியாரைப் பிடிக்காத மருமகன், அவர் உள்ளே இருக்கும்போதே வீட்டின் மரத்தூண்களைக் கோடரியால் வெட்டினானாம். அந்தக் கோடரிச் சத்தம்தான் ஹூ ஹூ. வீடு விழுந்ததும் அவன் சிரித்த சிரிப்பு கடைசியில் வருவது. தெய்வம் அவனைப் பறவையாக்கிவிட்டது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அலகின் மேல் இருக்கும் தந்தம் போன்ற கவசத்துக்காகவே இதைச் சுட்டுத் தள்ளி, இன்று மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இறங்கி வந்து தொங்குநடைபாலம். தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில், மரத்துக்கு மரம் கயிறும் பலகையும் கட்டி விட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். எனக்கு முன்னால் ஒரு சீனக் குடும்பம், பின்னால் இரண்டு ஜெர்மானியர்கள். பாலத்தின் நடுவில் நானும் ஆட்டமும் மட்டும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் பலகையைப் பார்த்து நடந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கிறது. கீழே நடக்கும்போது வெறும் தூண்களாகத் தெரிந்த மரங்கள், இங்கே இலையும் பூவும் ஒட்டுச்செடியும் எறும்புச்சாரையுமாக வேறு ஊராக இருக்கின்றன. வெயில் எல்லாம் இங்கேயே செலவாகிவிடுகிறது. தரைக்குப் போய்ச் சேருவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

11 மணிக்கு, கூட்டத்தை விட்டுப் பிரிந்து தஹான் ஆற்றோரமாகப் போகும் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். இலக்கு பும்புன் தாபிங். 'பும்புன்' என்றால் விலங்குகளை மறைந்திருந்து பார்க்கும் குடில். முகாமிலிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். பட்டணத்துப் பூங்காவில் முக்கால் மணி நேர நடை, இங்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வேர்தான் காரணம். இந்த மண்ணில் சத்து மேலாக மட்டுமே இருப்பதால் வேர்கள் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில் ஓடுகின்றன. பெரிய மரங்கள் விழாமல் நிற்க ஆளுயரத்துக்குப் பலகை வேர்களை விட்டு முட்டுக் கொடுத்துக்கொள்கின்றன. ஆற்றோரத்து நெராம் மரங்களோ நீரின் மேல் முழுக்கச் சாய்ந்து, எதிர்க்கரை மரத்தோடு கிளை கோத்து நிற்கின்றன. அந்தக் கூரையின் கீழ் ஆறு இருட்டாக ஓடுகிறது.

ஓரிடத்தில் ஒரு துவாலாங். 80 மீட்டர்வரை வளரக்கூடிய மரம். முதல் கிளையே எங்கோ மேலே. அந்த உயரத்தில் கரடி எட்டாத இடம் பார்த்து மலைத்தேனீக்கள் அடை கட்டும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், மேகத்தில் போய் மறைந்த மாதிரி இருந்தது.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மழைக்காட்டுக் கட்டுரை ஆகாது. இலை நுனியில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர் மாதிரி உடம்பை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். பழுப்பு அட்டை கடிப்பது தெரியாது. மஞ்சள் கோடு போட்ட புலி அட்டை கடித்தால் சுருக்கென்று தெரியும். பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கத்தை நகர்த்திவிட்டால் போதும். அன்று மொத்தம் பதினொன்று. எண்ணிக்கொண்டேன், பேச்சுத் துணைக்கு அவைதானே.

பாதையோரத்தில் ஒரு திட்டு மட்டும் பெருக்கிய வாசல் போலச் சுத்தமாக இருந்தது. ஓர் இலைகூட இல்லை. 'குவாங்' என்ற காட்டுப்பறவை, மயிலின் உறவு, ஆண் பறவை தான் ஆடுவதற்காகத் தரையைக் கூட்டி வைத்திருக்கும் மேடை அது. கொஞ்ச நேரம் நின்றேன். ஆள் வரவில்லை. தூரத்தில் மட்டும் "கூ-வாவ்" என்று ஒரே ஒரு குரல்.

பும்புன் தாபிங்கில் ஏறி உட்கார்ந்தபோது மணி 12.45. எதிரே உப்புச் சேற்றுத் திடல். விலங்குகள் தாதுவுக்காக மண்ணை நக்க வருமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நாசி லெமாக் தின்றுகொண்டு பார்த்தேன். ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டம்தான் வந்தது. ஆனால் குடிலுக்கு வரும் வழியிலிருந்த சேற்றில் எழுத்து இருந்தது. பிளவுபட்ட குளம்பு, காட்டுப்பன்றி. மூன்று விரல் பதிந்த வட்டத் தடம், தாபிர். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பின்கால் முன்காலின் தடத்திலேயே விழுவதால் பெரும்பாலும் மூன்றுதான் தெரியும். தடத்தில் தண்ணீர் இன்னும் கலங்கலாக ஊறிக்கொண்டிருந்தது. நான் வருவதற்குச் சற்று முன்னால்தான் போயிருக்க வேண்டும்.

புலித் தடம் இல்லை. இருக்குமென்று எதிர்பார்க்கவும் இல்லை. 1950களில் தீபகற்பத்தில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்ததாகக் கணித்திருந்தார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, 150க்கும் குறைவு என்று சொன்னது. பாட்டி பயந்த அந்தப் புலிகளின் பேரப்பிள்ளைகளை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்தால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். கண்ணியும் காடழிப்பும் இரையின் குறைவும் சேர்ந்து செய்த வேலை. கடைசி நிரையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போக இன்று அவசியமில்லை. அதை நினைத்தபோது நிம்மதி வரவில்லை.

2 மணிக்குத் திரும்பினேன். அரை மணி நடந்திருப்பேன். சில்வண்டுகள் ஒரே நேரத்தில் நின்றன. ஒலிக்கலவை மேடையில் எல்லாப் பொத்தானையும் யாரோ கீழே இழுத்துவிட்ட மாதிரி. அன்று முழுவதும் முதன்முறையாகக் காட்டில் சத்தமில்லை. பிறகு மேலே, வெகு மேலே, காற்று. ரயில் வருவது போன்ற இரைச்சல், ஆனால் கீழே ஓர் இலையும் அசையவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் மழை தரைக்கு வந்தது. வந்த பிறகு அது மழையாக இல்லை, தண்ணீர்ச் சுவராக இருந்தது.

காட்டில் புயல்மழையின்போது ஆபத்து புலியுமல்ல பாம்புமல்ல. மேலிருந்து விழும் கிளை. பட்டுப்போன மரங்களை விட்டு விலகி, மேலே கொடி தொங்காத இடமாகப் பார்த்து நின்றேன். இடதுபுறம் எங்கோ துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், தொடர்ந்து நீளமான முறிவு, தரை அதிர்ந்தது. எவ்வளவு தூரமென்று தெரியவில்லை. விசிலை வாயருகில் வைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு ஊதுவது என்றும் தெரியவில்லை.

மழை கொஞ்சம் தணிந்ததும் நடந்து, காலையில் கெண்டைக்கால் நனையாமல் தாண்டிய சிற்றோடைக்கு வந்தேன். இடுப்பளவுக்குக் குறையாத செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. மணி 3.20. கடந்தால் முகாம் ஒரு மணி நேரத்துக்குள். அகலமும் பெரிதில்லை, பத்தடி பன்னிரண்டடி. கரையில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "அடிக்" என்று குரல்.

பனையோலைச் சாய்ப்பின் கீழே ஒரு நடுத்தர வயதுக்காரரும் பத்து வயதுப் பையனும் குந்தியிருந்தார்கள். பாத்தேக் மக்கள். இந்தக் காட்டையே வீடாகக் கொண்ட பூர்வகுடியினர். பக்கத்தில் பிரம்புக் கட்டு. நான் கடந்து போகிற வழியிலேயே அவர்கள் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் படவில்லை. அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "பாக்சிக், தாண்டலாமா?" என்று மலாயில் கேட்டேன். தலையை ஆட்டினார். காதைத் தொட்டுக்காட்டி ஓடையைக் காட்டினார். "பத்து மாசி ஜாலான்."

கல் இன்னும் நடக்கிறது. பத்துமலையில் இருக்கும் அதே 'பத்து'தான். எனக்கு முதலில் விளங்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டபோது பிடிபட்டது. நீரின் இரைச்சலுக்கு அடியில், டொக், டொக்-டொக் என்று மந்தமான ஒலி. ஓடைப் படுகையில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகின்றன. கல்லையே நடக்கவைக்கும் நீர், காலை என்ன செய்யும்? பன்னிரண்டு வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். அந்தச் சத்தம் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மூவரும் காத்திருந்தோம். மிச்சமிருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். பையன் நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றான். இடி முழங்கும்போதெல்லாம் அவன் அப்பாவின் பக்கம் ஒட்டிக்கொண்டான். பாத்தேக் நம்பிக்கையில் இடிக்கு ஓர் அதிபதி உண்டு, சில உயிரினங்களைப் பார்த்துச் சிரித்துக் கேலி செய்தால் அவன் புயலாக வந்து தண்டிப்பான் என்று அவர்களோடு வாழ்ந்த ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைப் படித்திருந்தேன். என் காலுறையில் ஏறிக்கொண்டிருந்த பத்தாவது அட்டையை மிகுந்த மரியாதையோடு எடுத்து இலையில் விட்டேன். பாக்சிக் அதைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. ஆனால் உதட்டோரம் லேசாக அசைந்ததாகத்தான் நினைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோல தஹானில் 'பூர்வகுடி கிராமச் சுற்றுலா' விற்கிறார்கள். ஊதுகுழல் அம்பு எய்து காட்டுவார்கள், குச்சியில் தீ மூட்டிக் காட்டுவார்கள். அதனால் அவர்களுக்கு வருமானம் உண்டு, போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓலைச் சாய்ப்பின் கீழே அந்த ஒரு மணி நேரம் யாரும் யாருக்கும் எதையும் நடித்துக் காட்டவில்லை. அவருக்கு வேலை இருந்தது, எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் முகமும் ஈப்போ அண்ணனின் கார்ச் சாவியும் கண்முன் வந்து வந்து போயின. கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை.

4.25க்கு அவர் எழுந்தார். நானும் காதைத் தீட்டினேன். டொக் சத்தம் நின்றிருந்தது. முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். ஒரு நீளக் கம்பை ஒடித்து என் கையில் கொடுத்து, மேலோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி வைக்கச் சொன்னார். பையன் எனக்கு முன்னால் தாண்டிப்போய் மறுகரையில் நின்று வேடிக்கை பார்த்தான். இருவரும் அங்கிருந்து ஆற்றுப் பக்கமாகத் திரும்பிவிட்டார்கள். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாதையில் ஆளில்லை.

முகாமை அடைந்தபோது மணி 5.40. அதிகாரி பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். "பஞ்சிர்?" என்றார், வெள்ளமா என்று. ஆமாம் என்றேன். சிக்னல் வந்த முதல் படியில் நின்று வீட்டுக்கு அழைத்தேன். 5.52. "மழையா அங்க?" என்று மட்டும் கேட்டார் அம்மா. "லேசா" என்றேன்.

மாலை ஆறரை ஏழு வாக்கில் ஆற்றங்கரையில் இருங்கள். அந்தி மயங்கும் நேரத்துக்கென்றே ஒரு பெரிய சில்வண்டு இருக்கிறது. இறக்கையை விரித்தால் ஒரு சாண் அகலம். ஊரில் அதற்கு ஆறு மணி வண்டு என்றே பேர். ஒன்று தொடங்கியதும் மறுகரையில் இன்னொன்று, பிறகு மொத்தக் காடும். மிதக்கும் உணவகத்தில் மேசைக்கு மேசை பேச்சு நின்றுபோகும்.

போக நினைப்பவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை தவிர்ப்பது நல்லது, கிழக்குக் கரைப் பருவமழைக் காலம். மார்ச் முதல் செப்டம்பர் வரை பாதைகள் ஓரளவு காய்ந்திருக்கும். தொங்குநடைபாலத்தைப் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் புக்கிட் தெரெசெக் பலகைப்பாதையும் லுபுக் சிம்போன் ஆற்றுத்துறையுமே ஒரு நாளுக்குப் போதும். கொஞ்சம் துணிவு இருந்தால் தஹான் ஆற்றில் படகெடுத்து லாத்தா பெர்கோ வரை போகலாம். எந்தப் பாதையானாலும் திரும்பும் நேரத்தை முகப்பில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். காலுறையை மட்டும் கோலாலம்பூரிலேயே வாங்கிவிடுங்கள், அங்கே என் அளவுக்கு மிச்சமிருந்தது பச்சை நிறம் ஒன்றுதான்.